செவல்பேரியில் செல்லுபடியான ஒரே உத்தரவு

செவல்பேரி முன்சீப் கோர்ட்டு எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறது. குளத்தை மூடிக் கட்டிய கல்யாண மண்டபத்தை இடிக்கச் சொன்னது. மண்டபத்துக்காரர் அதன்மேல் மாடி எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் பன்றி திரியக் கூடாது என்றது. பன்றிகள் அங்கேயே குட்டி போட்டன. பெண்டாட்டிக்கு ஜீவனாம்சம் கொடு என்று ஒருத்தனுக்குச் சொன்னது. அவன் அந்த உத்தரவுக் காகிதத்திலேயே பொரிகடலை மடித்துக் கொறித்தபடி கோர்ட்டு வாசலைத் தாண்டிப் போனான். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரே ஓர் உத்தரவுக்கு மட்டும் மண்ணும் மரமும் தண்ணீரும் தாய் வயிற்றுப் பிள்ளையும் கைகட்டி வாய்பொத்தி அடங்கி நின்றன என்றால், அது எப்பேர்ப்பட்ட மூடத்தனத்தில் பிறந்த உத்தரவாக இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதை வாங்கிக் கொடுத்தவர் வக்கீல் பலவேசம். அதற்குள் மாட்டிக்கொண்டவள் சங்கரவடிவு, அப்போது நிறைமாதக்காரி.

பலவேசத்தின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. சிவில், கிரிமினல், ஜீவனாம்சம், விபத்து நஷ்டஈடு, உயில், பாகப்பிரிவினை, கடைசியில் இடம் போதாமல் சின்ன எழுத்தில் 'இதர சகலமும்' என்று போர்டு போட்டிருந்தார்கள். உள்ளறையில் பலவேசம் உட்கார்ந்திருப்பார், முன்னறையில் அவருடைய மச்சினர் குற்றாலிங்கம். அண்ணன் தம்பிக்குள் தகராறு என்றால் தம்பியின் கேஸை உள்ளே இவர் எடுப்பார், அண்ணன் கேஸை வெளியே அவர் எடுப்பார், நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கும், திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ போகும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அந்த வேலையை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு செய்தால் எவ்வளவு சுளுவாக இருக்கும் என்பதற்கு அந்த ஆபீஸே சாட்சி. ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் போனார்கள்.

அந்த ஆபீஸில் புதிதாக ஒரு மனு எழுதினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பழைய மனு ஒன்றை உருவி, பேரை மாற்றி, ஊரை மாற்றி, மீதியை அப்படியே டைப் அடிப்பார்கள். அதனால் விவாகரத்து கேட்ட ஒருத்தியின் மனுவில் தென்புறச் சாக்கடை வந்தது, லாரி மோதிச் செத்தவனுடைய மனுவில் அவன் தன் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வழிவிடக் கோரினான். மனு போட்டவரும் படித்ததில்லை, எதிர்த்தவரும் படித்ததில்லை, கையெழுத்துப் போட்ட முன்சீப்பும் படித்ததில்லை. படித்தால்தானே தப்பு இருப்பது தெரியும்.

வடிவின் மாமனார் நமச்சிவாயம் சாகும் முன் அந்த ஆபீஸில்தான் உயில் எழுதினார். அவருக்கு இரண்டு மகன்கள், மூத்தவன் கைலாசம், இளையவன் ஆவுடையப்பன். இரண்டு பேர் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது, அந்த ஒரு விஷயத்தில் அவர் புத்திசாலி. வீட்டை மகன்களுக்கு எழுதாமல், 'இந்த வீட்டில் முதலாவதாகப் பிறக்கும் என் பேரப்பிள்ளைக்கு' என்று எழுதச் சொன்னார், பலவேசமும் எழுதினார். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற சீமை இது. எந்த வீட்டிலும் முதல் பேரப்பிள்ளை தகப்பன் வீட்டில் பிறப்பதில்லை என்பது தெருவில் கோலி விளையாடுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சட்டம் படித்த பலவேசத்துக்கு அது தோன்றவில்லை. அவர் எழுதிய அந்தக் கணத்தில், அம்பாசமுத்திரத்தில் தாய்வீட்டில் கைலாசத்தின் மனைவி பெற்று வைத்திருந்த பெண்பிள்ளை பேத்தியே இல்லாமல் போயிற்று.

பிறகு வடிவு உண்டானாள். வளைகாப்பு முடிந்து அவளைக் கூட்டிப்போக ஆழ்வார்குறிச்சியிலிருந்து அவள் அம்மா வாடகைக் காரில் வந்து இறங்கியபோது, மாமியார் பிரம்மு வளையல் அடுக்கிய அந்தக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"கோவப்படாதிய மதினி. பேறுகாலம் இங்கதான். இங்க பெத்தாத்தான் வீடு நமக்கு. வெளிய பெத்தா உயிலு செல்லாது, அந்தக் கைலாசம் பய பாதி வீடு எனக்குன்னு சட்டியத் தூக்கிட்டு வந்து உக்காந்துருவான்."

"தலைப்பிள்ளையாச்சே, நான் பாக்காண்டாமா?"

"பொறந்த பெறவு பாருங்க. பிள்ளை எங்கயும் ஓடிராது."

வடிவு தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஆவுடையப்பன் ரைஸ்மில்லில் சூப்பர்வைசர், மில்லில் நாற்பது பேரை ஏய் என்று அதட்டுகிறவன், வீட்டில் அம்மா இருக்கிற இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அன்றைக்கும் சுவரைத்தான் பார்த்தான். அம்மா வந்த கார் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

கைலாசம் சும்மா இருப்பானா. ஒரு காலையில் கொத்தனாரைக் கூட்டிவந்து வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பத் தொடங்கினான். வடிவு பெறவேண்டிய அறை தன் பக்கம் வருகிற மாதிரி நூல் பிடித்திருந்தான். ஆவுடையப்பன் பலவேசத்திடம் ஓடினான். பலவேசம் பீரோவைத் திறந்து, கையில் அகப்பட்ட பழைய தடை மனுவை உருவினார். அது எப்போதோ தோப்பையும் தொழுவத்தையும் பற்றி இரண்டு பங்காளிகள் சண்டை போட்ட மனு. அதில் இருந்தபடியே அன்று மாலை உத்தரவு வந்தது: மேற்படி நான்கு எல்லைக்குள் அடங்கிய மண், மரம், கட்டடம், கிணறு, உயிருள்ளவை, உயிரற்றவை யாவும், இன்றுள்ள நிலையிலிருந்து மறு உத்தரவு வரும்வரை எவ்வகையிலும் மாறக் கூடாது.

மறுநாள் கோர்ட்டு அமீனா வந்து உத்தரவைக் கதவில் ஒட்டி உள்ளங்கையால் நீவிவிட்டபோது, வடிவுக்கு முதல் வலி எடுத்து இடுப்பிலிருந்து கிளம்பி அடிவயிற்றுக்கு வந்துகொண்டிருந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொத்தனார் குழைத்த சாந்து இறுகவில்லை, வைத்த செங்கல் பிடிக்கவில்லை, அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மாமரத்தில் அணில் கடித்த காய் பாதியாகவே இருந்தது. ஆவுடையப்பன் முகத்தில் மூன்று நாள் தாடி நாலாம் நாள் தாடியாகவில்லை. அடுக்களையில் பிரம்மு இறக்கிவைத்திருந்த சோற்றுப் பானையில் எடுக்க எடுக்கச் சோறு எடுத்த இடத்திலேயே இருந்தது, புளிக்குழம்பும் அப்படியே. பிரம்மு அப்போதுதான் சாப்பிட உட்காரப் போனவள், ஆகையால் அவளுக்கு அந்தப் பசி ஆறவே இல்லை, நாள் முழுக்கத் தின்றாள். ஆவுடையப்பன் சாப்பிட்டு ஏப்பம் விட்டு முடித்திருந்தவன். அவனுக்குப் பசியே எடுக்கவில்லை.

பேறு பார்க்க ஏற்பாடு செய்திருந்த நர்சு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவில் இருந்த காகிதத்தையும் படித்துப் பார்த்தாள். "கோர்ட்டு உத்தரவு இருக்கே, நான் கை வைக்க முடியாது" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருவில் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. செவல்பேரிக்காரர்களுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது, இதில் நமக்கு என்ன ஆதாயம் என்று பார்ப்பதற்கே பொழுது சரியாக இருக்கும். பூக்காரி வாடாமல் இருக்கட்டும் என்று பூக்கூடையைக் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே இறக்கினாள். உவரியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற தங்கக்கனி, "ஐஸ் வாங்கி மாளல, ஒரு ஓரமா வச்சிக்கிடட்டா?" என்று கேட்டு மாமரத்தடியில் கூடையை வைத்தாள். ஆவுடையப்பன் மில் வேலையை விட்டான். சோறு இருக்கிறது, குழம்பு இருக்கிறது, சட்டை கிழிவதில்லை, பிறகு எதற்கு ஒருத்தன் வேலைக்குப் போக வேண்டும்?

"வாழ்ந்தா இப்பிடில்லா வாழணும்" என்றாள் பிரம்மு, வாய் நிறையச் சோற்றோடு.

"வலிக்கி அத்தை" என்றாள் வடிவு.

"வலிக்கத்தான் செய்யும். நாங்கள்லாம் பெறலியா?"

"நீங்க ஒரு நாள்தான பெத்திய."

ஆனால் ஊர் அதோடு நின்றதா? பலவேசத்தின் ஆபீஸ் வாசலில் செருப்பு விட இடமில்லை. ரிட்டயராகப் போகிற ஹெட்மாஸ்டர் தன் பள்ளிக்கூடத்துக்கு ஓர் உத்தரவு வாங்கினார்; அவர் ரிட்டயராகவில்லை, ஏழாங்கிளாஸ் பிள்ளைகளும் ஏழாங்கிளாஸை விட்டு ஏறவில்லை, சந்தோஷமாக அதே பாடத்தை அதே தப்போடு ஒப்பித்தார்கள். சொத்தை எழுதிவைக்காமல் படுத்துவிட்ட ஒரு எண்ணெய்க்கடைக்காரருக்கு அவருடைய மகன்கள் வாங்கினார்கள். அவருக்கு இழுத்துக்கொண்டிருந்த மூச்சு இழுத்தபடியே இருக்க, மகன்கள் தலைமாட்டில் உட்கார்ந்து அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு கவுன்சிலர் தேர்தல் வராமல் இருக்கத் தன் வார்டு முழுவதற்கும் வாங்கினார், அந்த வார்டில் தெருவிளக்கு எரியாததும் குழாயில் தண்ணீர் வராததும் நிலைத்துப்போயிற்று. காதலித்த மகளை வீட்டோடு உத்தரவுக்குள் வைத்த தகப்பனார் ஒருவர் உண்டு; அவள் காதலித்துக்கொண்டே இருந்தாள். பலவேசம் அதே மனுவைத்தான் எல்லோருக்கும் டைப் அடித்தார். தோப்பும் தொழுவமும் எல்லா மனுவிலும் இருந்தன.

கடைசியில் கோர்ட்டையே பக்கத்து ஊருக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வக்கீல்கள் நடுங்கிப்போனார்கள். பலவேசம் ஒருவரிடமும் கேட்காமல், கோர்ட்டு வளாகத்துக்கே அந்த உத்தரவை வாங்கிவிட்டார். முன்சீப் தன் கோர்ட்டுக்குத் தானே தடை போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அன்றிலிருந்து அங்கே எந்த மனுவும் எந்தப் பக்கமும் நகரவில்லை. தீர்ப்பு எழுதினால் எழுத்து தாளில் நிற்கவில்லை. வாய்தா போட்டால் மறுபடி அதே வாய்தா வந்தது. இதை ஊரில் யாராவது கவனித்தார்களா என்றால், வருஷக்கணக்கில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. அதற்கு முன்பும் அங்கே அப்படித்தான் இருந்தது.

வெளியே காலம் போய்க்கொண்டிருந்தது. வடிவு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் வாடகைக்குக் குடியிருந்த கைலாசம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவள் எப்போது வாசல் தாண்டுவாள் என்று காத்திருந்தே தலை நரைத்தான். அவன் மகள், வடிவு அந்த வீட்டுக்குள் வந்தபோது கைப்பிள்ளையாக இருந்தவள், பாவாடை கட்டினாள், புத்தகப்பை தூக்கினாள், பிறகு ஒரு நாள் அவளுக்குச் சடங்கு வைத்துத் தெருவெல்லாம் மைக்செட் பாடியது. சடங்குப் புடவையோடு அந்தப் பெண் வாசல் வரை வந்து நின்றாள்.

"சித்தி, பாப்பா எப்ப வரும்?"

"தெரியலட்டி."

"வாரதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிரும் போலயே" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்தச் சிரிப்பு வடிவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உள்ளே பிள்ளை அதே காலால் அதே விலாவில் உதைத்தது, தாழ்ப்பாள் போட்ட அறைக்குள்ளிருந்து தட்டுவது போல.

மாதா மாதம் வருவாள் அவள் அம்மா. உள்ளே வரமாட்டாள், உள்ளே வந்தால் வயசு நிற்கும் என்று ஊரே ஆசைப்பட்டு நுழைந்த வீட்டுக்குள் அவள் ஒரு தடவையும் கால் வைக்கவில்லை. சாக்கடைமேல் போட்டிருந்த கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போவாள். கறுத்த தலையோடு வந்தவள் நரைத்த தலையோடு வந்தாள், பிறகு கம்பூன்றி வந்தாள். ஒரு நாள் மூச்சு வாங்க நின்று, பேசவே நேரமாயிற்று.

"வடிவு, எனக்கு இனிம பஸ்ஸு ஏற ஏலாதுட்டி. கண்ணும் மங்கிட்டு வருது. இதான் கடைசி, கேட்டியா."

"அம்மா, பேறுகாலம் பாக்கணும்னியே."

"பாக்கணும்தான். எனக்கு எவன் ஸ்டே குடுப்பான்?"

அவள் கம்பை ஊன்றி ஊன்றித் தெருமுனை திரும்புகிறவரை வடிவு பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுக்களைக்குப் போய், தன் வாழ்நாளில் முதல் தடவையாக மாமியாரின் தட்டை எட்டித் தள்ளினாள்.

"அந்த வக்கீலக் கூப்பிடுங்க" என்றாள் ஆவுடையப்பனிடம்.

பலவேசம் வந்தார். அவர் இளமையாக இருந்தார். பொழுதுக்கும் கோர்ட்டு வளாகத்துக்குள்ளேயே இருந்தவருக்கு ஏன் வயசாகப் போகிறது? முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இறுகாத சாந்தைப் பார்த்து, "நல்லா மெயின்டெயின் பண்ணுதிய" என்று ஆவுடையப்பனைப் பாராட்டினார்.

"அய்யா, அந்த உத்தரவ எடுத்துருங்க" என்றாள் வடிவு.

"எடுக்கலாம்மா. மனு போடலாம். ஆனா கோர்ட்டே உத்தரவுக்குள்ள இருக்குல்லா. போட்ட மனு போட்டபடியே இருக்கும்."

"கோர்ட்டு உத்தரவ எடுங்க."

"அத அந்தக் கோர்ட்டுலதான எடுக்கணும்?" பலவேசம் பொறுமையாகச் சொன்னார், விவரம் தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாவனையில். "இதுல ஒரு அவசரமும் இல்லம்மா. எந்த நிலமையில இருக்கோமோ அதே நிலமையில இருக்கோம். நம்ம கேஸு ரொம்ப பலமா இருக்கு."

"எனக்கு வலிக்கி."

"அதையும் மனுவுல சேத்துக்கிடலாம்."

வடிவுக்கு அந்த ஆளின் வாயில் ஒரு பிடி சாந்தை அப்ப வேண்டும் போல இருந்தது. அது இறுகாது என்பதால் விட்டாள்.

"அப்ப நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

வீடே எழுந்து நின்றது. பிரம்மு மார்பில் அடித்துக்கொண்டாள். பலவேசம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "போகக் கூடாதும்மா! நீ வாசலத் தாண்டினா அனுபோகம் விட்டுப்போயிரும், பிள்ள வெளிய பொறந்தா உயில் விட்டுப்போயிரும்!" என்று கோர்ட்டில்கூட எழுப்பாத குரலை எழுப்பினார். ஆவுடையப்பன் மட்டும் மெதுவாக, "இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் பொறுட்டி" என்றான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் எப்போதோ போயிருப்பாள்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். எதிரே டீக்கடையில் கைலாசம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அவன் முகத்தில் பூத்த மகிழ்ச்சி பார்க்கச் சகிக்கவில்லை. அவள் வாசற்படியைத் தாண்டிச் சாக்கடைக் கல்லில் கால் வைத்தாள். அத்தனை வருஷம் நின்றிருந்த வலி, கட்டு அறுந்த மாடாக அவள்மேல் பாய்ந்தது. இரண்டாவது அடி வைக்க முடியவில்லை. பனிக்குடம் உடைந்து கல் நனைய, அவள் அங்கேயே உட்கார்ந்தாள்.

நல்லவேளையாகத் தங்கக்கனி கூடையோடு வந்துகொண்டிருந்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "பாத்துட்டு நிக்கியளே, வெக்கமா இல்ல? திரும்புங்கல அந்தப் பக்கம்!" என்று தெருவையே திருப்பி நிறுத்தினாள். நாலு பெண்கள் சேலையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள், கைலாசத்தின் மகள் வெந்நீர் கொண்டுவந்தாள். "முக்கு மவளே. ஒரு உத்தரவும் வேண்டாம். முக்கு" என்றாள் தங்கக்கனி. மீன் வாடை அடிக்கிற அந்தக் கையில் பெண்பிள்ளை வந்து விழுந்தது. அத்தனை வருஷம் உள்ளே இருந்ததற்குத் தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதது.

தொப்புள்கொடி அறுப்பதற்குள் டேப் வந்துவிட்டது. பலவேசம் ஒரு முனையைப் பிடித்தார், கைலாசத்தின் கேஸை எடுத்திருந்த குற்றாலிங்கம் எங்கிருந்தோ முளைத்து மறுமுனையைப் பிடித்தார். சாக்கடைக் கல் வீட்டைச் சேர்ந்ததா, வீதியைச் சேர்ந்ததா?

"பத்திரத்துல கிழக்கு எல்லை வீதின்னு இருக்கு. கல்லு வீதிக்கு இந்தப் பக்கம். பிள்ளை வீட்டுக்குள்ளதான் பொறந்திருக்கு!" என்றார் பலவேசம்.

"அதெப்படி?" என்றார் குற்றாலிங்கம். "உள்ள இருந்தா பொறக்கவே முடியாதே. உத்தரவு இருக்கே. பொறந்ததுனாலயே கல்லு வெளியன்னு ஆகுது."

பலவேசம் தாடையைத் தடவினார், முகம் மலர்ந்தது. "இல்ல. உள்ளதான் பொறந்திருக்கு. கோர்ட்டு உத்தரவ மீறிப் பொறந்திருக்கு. அது கோர்ட்டு அவமதிப்பு, சரி. பிள்ளை மேல கேஸு வரும், வரட்டும். மைனர்தான, ஜாமீன் எடுத்துக்கிடலாம். வீடு நமக்கு!"

கூட்டத்தில் சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டத் தெரிந்த ஜனம் அது. பிரம்மு வாசலுக்கு உள்ளே நின்றபடி, "உள்ளதான் பொறந்துச்சுன்னு சொல்லுட்டி, ஒரு வார்த்தை சொல்லு" என்று கெஞ்சினாள். வெளியிலிருந்து கைலாசம், "வெளியன்னு சொல்லும்மா, உனக்கு வேண்டியதச் செய்யுதேன்" என்றான். பலவேசம் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தாளை நீட்டினார், குற்றாலிங்கம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தாளை நீட்டினார். இரண்டு தாளிலும் தோப்பும் தொழுவமும் இருந்திருக்கும்.

வடிவு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள். களைப்பை மீறிக் குரல் சத்தமாக வந்தது.

"எம்மகளுக்கு வீடு வேண்டாம்யா. வயசு வேணும்."

பலவேசத்துக்கு அது விளங்கவில்லை. 'இதர சகலமும்' என்று போர்டில் போட்டிருந்தாலும், அப்படி ஒரு வேண்டுகோளுடன் அந்த ஆபீஸுக்கு யாரும் வந்ததில்லை. அதற்கு எந்த மனுவை உருவுவது என்று தெரியாமல் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

தங்கக்கனியின் வீட்டில் தங்கி, உடம்பு தேறி, தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு வடிவு பிள்ளையோடு அந்த வாசலுக்கு ஒரு தடவை வந்தாள். ஆவுடையப்பன் படிக்கு உள்ளே நின்றான். பிள்ளையைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது, உள்ளபடியே கலங்கியது. கையை நீட்டினான். கை வாசல் நேருக்கு வந்ததும் நின்றது.

"வாங்க. எங்க ஊருக்குப் போவோம். அம்மா பாக்கட்டும்" என்றாள்.

அவன் ஒரு காலைத் தூக்கிப் படிமேல் வைத்தான். உள்ளே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பலவேசம் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். ஆவுடையப்பன் காலை எடுத்துவிட்டான்.

"நீ முன்னால போ, வடிவு. தீர்ப்பு வந்ததும் வாரேன்."

வடிவுக்கு அழுகை வரும் என்று அவளே நினைத்தாள். வரவில்லை. அருவருப்புதான் வந்தது, கூடவே நகக்கண் அளவு இரக்கமும். திரும்பிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

ஆழ்வார்குறிச்சி பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, பச்சைப்பிள்ளையோடு தனியாக வந்தவளைப் பார்த்து, "என்னம்மா, கூட யாரும் வரலியா? வீட்டுக்காரரு?" என்று கேட்டார்.

"வருவாரு" என்றாள் வடிவு. "கேஸு முடிஞ்சதும்."

"எந்தக் கோர்ட்டுல?"

"செவல்பேரி."

பஸ் முழுக்கச் சிரித்தது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார், கண்டக்டர் மிச்சச் சில்லறையைக் கொடுக்க மறந்து சிரித்தார். வடிவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் பிள்ளை முழித்துக்கொண்டு வீறிட்டது. அவள் முந்தானைக்குள் இழுத்து அணைத்துப் பால் கொடுத்தாள். பஸ் கிளம்பிப் போயிற்று.